டயர் கேள்வி–பதில்: வேகக் காரும் குளிர்ச் சாலையும்

கேள்வி: என் ஸ்போர்ட்ஸ் காரில் 245/35 ஆர்19 அளவில் கோடைக்கால டயர்கள் இருக்கின்றன. பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) இன்னும் 6 மி.மீ. ஆழம் உள்ளது. பனி விழாது, ஆனால் காலையில் 3, 4 டிகிரிக்கு இறங்கும். பனிக்கால டயருக்கு மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மாற்றித்தான் ஆக வேண்டும். 6 மி.மீ. நல்ல ஆழம்தான், குறை ஆழத்தில் இல்லை, ரப்பரில் இருக்கிறது. கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயரின் ரப்பர், சூடான சாலையில் வேகமாகத் திரும்பும்போது குழைந்துவிடாதபடி தயாரிக்கப்படுவது. அதே ரப்பர் 7 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும்போது விறைக்கத் தொடங்குகிறது. சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அமுங்கி இறங்குவதால்தான் பிடிப்பு கிடைக்கிறது. விறைத்த ரப்பர் அமுங்காது, மேலோடு வழுக்கும். 7 டிகிரியில் சட்டென்று எல்லாம் மாறிவிடுவதில்லை. குளிர் ஏற ஏறப் பிடிப்பு குறைந்துகொண்டே வரும். வீட்டை விட்டுக் கிளம்பி முதல் சிக்னலில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் அது தெரியவரும்.

ஓட்ட ஓட்டச் சூடாகிவிடும் என்று நம்பாதீர்கள். சாதாரண வேகத்தில் டயரில் பிறக்கும் சூட்டைக் குளிர்ந்த, ஈரமான சாலை உடனுக்குடன் உறிஞ்சிவிடும். பகல் சராசரியைப் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. நீங்கள் வண்டி எடுக்கும் மிகக் குளிர்ந்த நேரம் எதுவோ அதுவே கணக்கு.

இன்னொன்றும் உண்டு. மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே, அதிகப் பிடிப்புள்ள கோடை டயர்களில் பட்டனில் விரிசல் விழக்கூடும். வண்டியைச் சில அடி நகர்த்துவதும், நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்புவதுமே அதற்குப் போதும். இந்த விரிசலைப் பல நிறுவனங்களின் உத்தரவாதம் ஏற்பதில்லை. அப்படிப்பட்ட குளிரில் கோடை டயர் மாட்டிய கார் அசையாமல் நிற்பதே நல்லது.

கேள்வி: டயரில் ‘எம்+எஸ்’ என்று அச்சிட்டிருக்கிறது. பனிக்கு அது போதாதா?

பதில்: போதாது. அது சேற்றையும் பனியையும் குறிக்கும் பழைய குறி. பட்டனின் வடிவத்தை வைத்துத் தயாரிப்பாளரே இட்டுக்கொள்வது. பனியில் சோதித்துத் தேற வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் தேட வேண்டியது, மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம். இறுகிய பனியில் நடத்தும் சோதனையில் தேறிய டயருக்குத்தான் அது கிடைக்கும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் இந்தச் சின்னம் உள்ள டயரே பனிக்கால டயராக ஏற்கப்படுகிறது. ஆனால் இந்தச் சின்னம் பேசுவது பனியைப் பற்றி மட்டுமே. கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டியில் டயர் எப்படி நிற்கும் என்பதற்கு ஐரோப்பிய லேபிளில் வேறொரு சின்னம் இருக்கிறது.

கேள்வி: பனிக்கால டயர்கள் எல்லாம் ஒன்றுதானா? எனக்கு நெடுஞ்சாலைப் பயணம் அதிகம்.

பதில்: இரண்டு குடும்பங்கள் உண்டு, இரண்டும் வெவ்வேறு வேலைக்கு ஆனவை. மிஷலின் பைலட் ஆல்பின் 5, பிரெல்லி வின்டர் சொட்டோசீரோ 3, கான்டினென்டல் வின்டர்கான்டாக்ட் டிஎஸ் 860 எஸ் போன்றவை வேகக் கார்களுக்கான பனிக்கால டயர்கள். வி (மணிக்கு 240 கி.மீ. வரை), டபிள்யூ (270 கி.மீ. வரை) வேகக் குறியீடுகளிலும் இவை வரும். அவ்வப்போது பனி பெய்தாலும் சாலையை உடனே சுத்தம் செய்துவிடுவார்கள், பெரும்பாலும் ஈரமும் குளிரும்தான் என்றால் இதை வாங்குங்கள்.

நோக்கியன் ஹக்காபெலிட்டா ஆர்5, மிஷலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ ஆகியவை மற்றக் குடும்பம். ரப்பர் மிக மென்மையானது. பட்டன் முழுக்க மெல்லிய கீறல்கள். வாரக்கணக்கில் பனிக்கட்டி படிந்து கிடக்கும் சாலையில் இவற்றுக்கு ஈடில்லை. ஆனால் 8, 10 டிகிரியில் ஈரத் தாரில் பட்டன்கள் நெளியும், ஸ்டீயரிங் சொன்னதை வண்டி தாமதமாகக் கேட்கும், தேய்மானமும் வேகம். வேகக் குறியீடும் தாழ்வு. நெடுஞ்சாலைக்காரர்களுக்கு முதல் குடும்பமே சரி.

நான்கு பருவத்துக்குமான டயரை மிதமான குளிருள்ள இடத்தில் நிதானமாக ஓட்டும் காருக்குப் பரிந்துரைப்போம். சக்திவாய்ந்த காரை அதன் சக்திக்கேற்ப ஓட்டுபவருக்கு இரண்டு செட் டயர்தான் எங்கள் பதில். ஒரு செட் ஓடும்போது மற்றது ஓய்வெடுப்பதால் தேய்மானமும் பங்கிடப்படுகிறது.

கேள்வி: 19 அங்குலத்துக்குப் பதிலாகப் பனிக்காலத்தில் 18 அங்குல ரிம் போடலாமா? எந்த அளவு?

பதில்: காரின் கையேடு அனுமதித்தால் தாராளமாகப் போடலாம். டயரின் அகலம் குறைந்தால் அதே எடை சிறிய பரப்பில் அழுத்தும். டயர் பனிச்சேற்றின் மேல் மிதக்காமல் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். பக்கச்சுவர் உயர்வதால், பனிக்கடியில் மறைந்த பள்ளத்தில் விழுந்தாலும் ரிம் தப்பும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 245/35 ஆர்19 டயரின் பக்கச்சுவர் உயரம், டயரின் அகலமான 245 மி.மீ.இல் 35 சதவீதம்: 85.75 மி.மீ. மேலும் கீழுமாக 171.5. ரிம் 19 × 25.4 = 482.6. ஆக மொத்த விட்டம் சுமார் 654 மி.மீ. இதே கணக்கில் 225/45 ஆர்18 சுமார் 660 வரும், வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 245/40 ஆர்18 சுமார் 653. எளிதில் கிடைக்கிறதே என்று பலர் வாங்கும் 225/40 ஆர்18 637 மி.மீ.தான், 2.6 சதவீதம் சிறியது.

அதைவிட முக்கியம் சுமைக் குறியீடு. உங்கள் 19 அங்குல டயரில் 93 என்று இருந்தால் ஒரு சக்கரம் 650 கிலோ தாங்கும். கூடுதல் சுமை வகையிலும் 225/40 ஆர்18 பொதுவாக 92, அதாவது 630 கிலோ. 225/45 ஆர்18 கூடுதல் சுமை வகை 95, 690 கிலோ. வேகக் குறியீட்டைப் பனிக்கால டயரில் குறைத்துக்கொள்ளச் சில நாடுகள் அனுமதிக்கும். அந்த வேக வரம்பை ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டி வைக்க வேண்டும். சுமையில் அந்தச் சலுகை கிடையாது.

ரிம் வாங்குமுன் பிரேக் காலிப்பருக்கு (பிரேக் வட்டை இறுக்கிப் பிடிக்கும் பகுதி) இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய காலிப்பர் ரிம்மின் உட்புறத்தில் மட்டுமல்ல, ஆரக்காலின் பின்பக்கத்திலும் இடிக்கும். மாட்டியதும் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்குமுன் சக்கரத்தைக் கையால் முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள்; குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும். பேலன்சிங்குக்காக உள்ளே ஒட்டும் எடைத் துண்டு காலிப்பரில் உரசிப் பிய்ந்துபோவது அடிக்கடி நடக்கும் தவறு, ஒட்டிய பிறகும் ஒருமுறை சுற்றுங்கள். பனிச் சங்கிலி மாட்டும் எண்ணம் இருந்தால், எந்த அளவு டயருக்குச் சங்கிலி அனுமதி என்று கையேட்டில் தனியாகப் போட்டிருக்கும். அகல டயருக்குப் பெரும்பாலும் அனுமதி இராது.

கேள்வி: நான்கு சக்கரமும் இழுக்கும் கார் இது. பின்னால் மட்டும் இரண்டு பனிக்கால டயர் போட்டால்?

பதில்: கூடாது. நான்கு சக்கர இழுவை கிளம்புவதற்கு உதவும். நிறுத்துவதற்கும் திரும்புவதற்கும் உதவாது. முன்னால் கோடை டயர் இருந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் நேரே போகும். சுற்றளவு வேறுபட்டால், முன்–பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பங்கிடும் நடு டிஃபரென்ஷியலும் ஓயாமல் உழைத்துச் சூடாகிக் கெடும். நான்கும் ஒரே மாடலாக, பட்டன் ஆழத்தில் கார் நிறுவனம் சொல்லும் எல்லைக்குள் இருக்கட்டும்.

கேள்வி: குளிர் தொடங்கியதும் காலையில் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிகிறது. பஞ்சர் எதுவும் இல்லை.

பதில்: ஏறத்தாழ 5, 6 டிகிரி குறைந்தால் 1 பிஎஸ்ஐ இறங்கும். 25 டிகிரி உள்ள அறையில் 36 பிஎஸ்ஐ நிரப்பிய டயர், வெளியே மைனஸ் 5 டிகிரியில் 31க்கு வந்துவிடும். இதில் கோளாறு எதுவும் இல்லை, ஆனால் அப்படியே ஓட்டக் கூடாது: ஓரங்கள் தேயும், பக்கச்சுவர் அதிகம் வளைந்து சூடாகும். வண்டி வெளியே மூன்று மணி நேரம் நின்ற பிறகு கதவோரப் பட்டையில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். பனியில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்கும் பழக்கமும் பக்கச்சுவர் தாழ்ந்த டயருக்கு ஆகாது, முதல் பள்ளத்திலேயே ரிம் அடிபடும்.

கேள்வி: வெளியே பார்த்தால் பட்டன் நன்றாக இருக்கிறது. உள்பக்கம் மொட்டையாகிவிட்டது. ஏன்?

பதில்: வேகக் கார்களில் சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு மட்டும் இவ்வளவு தின்றுவிடாது; சக்கரங்களின் நேர்க்கோடும் விலகியிருக்கும். அலைன்மென்ட் பாருங்கள். இனி உள்ளே, நடுவே, வெளியே என மூன்று இடத்திலும் ஆழம் அளந்து, மிகக் குறைந்த எண்ணையே கணக்கில் வையுங்கள். பனிக்கால டயரில் அந்த எண் 4 மி.மீ.க்குக் கீழே போனால் பனியைக் கவ்வும் திறன் போய்விட்டதாகக் கொள்ளுங்கள். ஆஸ்திரியாவில் அந்த ஆழத்துக்குக் கீழே அது சட்டப்படியே பனிக்கால டயர் அல்ல.

கேள்வி: கழற்றிய செட்டை எப்படி வைப்பது?

பதில்: ரிம்மோடு இருந்தால் படுக்கவைத்து அடுக்கலாம், கொக்கியிலும் மாட்டலாம். வெறும் டயரை நிமிர்த்தி வைத்து மாதம் ஒருமுறை சற்றுச் சுழற்றுங்கள். வெயில், பெட்ரோல், ஓடும் மின்மோட்டார் இவை பக்கத்தில் வேண்டாம். மோட்டாரிலிருந்து எழும் ஓசோன் வாயு ரப்பரில் விரிசல் விழவைக்கும். எந்தச் சக்கரம் எந்த இடத்தில் இருந்தது என்று சாக்பீஸால் எழுதி வையுங்கள். திரும்ப மாட்டியதும் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) நட்டுகளைக் கையேட்டு அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.