வேஷம் போட்ட டாங்கிகள் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சின்ன வயதிலிருந்தே எனக்கு இரண்டாம் உலகப்போர் படங்கள் என்றால் உயிர். போன வாரம் ‘சேவிங் பிரைவேட் ரயன்’ படத்தைக் கல்லூரியில் படிக்கும் என் மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். கடைசிச் சண்டையில் ஜெர்மன் டைகர் டாங்கி இடிபாடுகளுக்கு நடுவே வரும்போது, “அப்பா, அது டைகரே இல்லை. ரஷ்ய டி-34 மேல தகடு அடிச்சு வேஷம் போட்டது” என்றான். தேடிப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. இத்தனை வருடம் ஏமாந்திருக்கிறோமே என்று மனசு விட்டுப்போய்விட்டது. அருங்காட்சியகத்தில் இருப்பதற்கும் புது பெயின்ட், வேறு எஞ்சின் என்கிறான். அப்படியென்றால் எதைத்தான் நிஜம் என்று நம்புவது? டிசம்பரில் இருவரும் அகமத்நகர் டாங்கி அருங்காட்சியகம் போகிறோம். எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

ரா., ஈரோடு

அன்புள்ள ரா.,

உங்கள் மகனுக்கு நல்ல கண். டைகரையும் டி-34-ஐயும் பிரித்தறிய மேலே பார்க்கக் கூடாது, கீழே சக்கரத்தைப் பார்க்க வேண்டும். மேலே எந்தத் தகட்டையும் அடித்து ஒட்டிவிடலாம், சக்கர அமைப்பை மாற்றுவது பெரிய வேலை. டி-34-க்கு ஒரு பக்கம் ஐந்து பெரிய சக்கரங்கள், தனித்தனியாக. சங்கிலிப் பட்டையை இழுக்கும் பல்சக்கரம் பின்னால் இருக்கும். டைகருக்கு அந்தப் பல்சக்கரம் முன்னால். சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பின்னிக்கொண்டு நிற்கும். உள்வரிசைச் சக்கரம் ஒன்று பழுதானால் வெளியே உள்ள பலதைக் கழற்றித்தான் அதைத் தொட முடியும். ரஷ்யக் குளிரில் அந்த இடுக்குகளில் சேறு உறைந்து வண்டி நகராமல் போனதும் உண்டு. இவ்வளவு தொல்லை பிடித்த ஒரு அமைப்பைச் சினிமாக்காரர்கள் செய்து காட்டாததில் ஆச்சரியமில்லை.

அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. டைகர்-1 மொத்தம் செய்யப்பட்டதே 1,350 அளவில்தான். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பது பத்துக்கும் குறைவு. அதில் சொந்தமாக ஓடிக் காட்டுவது இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘டைகர் 131’. 1998-இல் அந்தப் படம் வந்தபோது அதுவும் பழுதுபார்ப்பில்தான் இருந்தது. 1970-இல் வந்த ‘கெல்லீஸ் ஹீரோஸ்’ யூகோஸ்லாவியாவில் எடுக்கப்பட்டது. அதில் வரும் டைகர்களும் டி-34-தான். ஆனால் அந்த வேஷத்தில் உழைப்பு இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் டைகரின் கனம் தெரியும். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஸ்பெயினில் எடுத்த படங்கள் வேறு கதை. 1965-இல் வந்த ‘பேட்டில் ஆஃப் த பல்ஜ்’ படத்தில் டைகருக்கு அடுத்து வந்த பெரிய ஜெர்மன் டாங்கியான கிங் டைகராக வருவது எம்-47 பேட்டன். அமெரிக்கர்கள் உலகப்போர் முடிந்தபின் செய்த டாங்கி. ஸ்பெயின் ராணுவத்திடம் அது வரிசையாக இருந்தது, கொடுத்தார்கள், சாம்பல் பெயின்ட் அடித்து ஓட்டினார்கள். வேஷம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. ஆர்டென் காடுகளில் பனியில் நடந்த போரின் முடிவு, படத்தில் காய்ந்துபோன வெட்டவெளியில் நடக்கும்.

இங்கே நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. அதே 1965, செப்டம்பர் மாதம். பஞ்சாபில் அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றியுள்ள கரும்புக் காட்டில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் வந்து சிக்கின. வாய்க்காலை உடைத்து நம்மவர்கள் வயலில் தண்ணீர் கட்டியிருந்தார்கள். எதிரே நின்றவற்றில் டெக்கான் ஹார்ஸ் படைப்பிரிவின் அமெரிக்க ஷெர்மன் டாங்கிகளும் இருந்தன, ஆமாம், உலகப்போர்க் காலத்து அதே ஷெர்மன். ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு போராடி உயிர் விட்டு, பரம்வீர் சக்ரா பெற்ற அப்துல் ஹமீதின் போரும் இதுதான். சினிமாவில் கிங் டைகராகப் பொய் சொன்ன அதே பேட்டன், அசல் உத்தர் வயலில் முழு நிஜம். ஒரு டாங்கியைப் பார்த்து ‘அசலா, போலியா’ என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தப் போருக்கு அசல் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

போர் நடக்கும்போதே எடுத்த படங்களையும் தேடிப் பாருங்கள். 1943-இல் வந்த ‘சஹாரா’வில் ஹம்ப்ரி போகார்ட்டின் குழு ஓட்டுவது எம்-3 லீ டாங்கி. கலிபோர்னியப் பாலைவனத்தில் எடுத்தது. லிபியா என்று காட்டும் மணல் பொய், வண்டி உண்மை. அடுத்த ஆண்டே அந்த ரக டாங்கிகள் நம் மணிப்பூரில், இம்பாலுக்குப் பக்கத்து நுங்ஷிகும் மலைமேல் ஏறி ஜப்பானியர்களோடு போரிட்டன. ஒரு லீ டாங்கி கொஹிமா மலைச்சரிவில் இன்றும் நினைவுச்சின்னமாக இருக்கிறது.

சரி, டைகர் 131-க்கு வருகிறேன். உங்கள் மகன் சொன்ன ‘புது பெயின்ட், வேறு எஞ்சின்’ இதற்குத்தான் பொருந்தும். 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டிஷ் சர்ச்சில் டாங்கிகளோடு மோதியபோது இது பிடிபட்டது. ஒரு குண்டு பீரங்கிக் குழாயின் அடிப்பக்கத்தில் உரசி, டரட், அதாவது பீரங்கியைத் தாங்கும் மேல்கூடு, சுழலும் வளையத்துக்குள் போய் இறுகிவிட்டது. மேல்கூடு திரும்பவில்லை. இன்னொன்று டரட்டைத் தூக்கப் பயன்படும் காதில் பட்டது, மற்றொன்று மேல்மூடியில். குழு வண்டியை விட்டு ஓடிவிட்டது. துனிஸில் ஆறாம் ஜார்ஜ் மன்னரும் பிரதமர் சர்ச்சிலும் வந்து பார்த்தார்கள். பிறகு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பொறியாளர்கள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். 1951-இல் அருங்காட்சியகத்துக்கு வந்தது.

இன்று அதற்குள் ஓடுவது பிறந்தபோது இருந்த 21 லிட்டர் மேபாக் எஞ்சின் இல்லை. ஒரு கிங் டைகரிலிருந்து எடுத்த, சற்றே பெரிய 23 லிட்டர் மேபாக். பெயின்டும் புதிதாக அடித்ததுதான். ஆனால் அந்தக் குண்டு பட்ட தழும்புகளை அவர்கள் நிரவவில்லை. குழாய்க்கு அடியில் அந்தப் பள்ளம் அப்படியே இருக்கிறது. அடித்த கோணமும், அது போய்ச் சிக்கிய இடமும் தெரியும். அவ்வளவு தடித்த கவசம் கொண்ட வண்டியை ஏன் விட்டுவிட்டு ஓடினார்கள் என்பதற்கு அந்தப் பள்ளம்தான் சாட்சி. எந்தப் புத்தகமும் அதற்கு ஈடு இல்லை. எஞ்சினை மாற்றலாம், ரப்பரை மாற்றலாம், பெயின்ட் கட்டாயம் மாற்றித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் துரு தின்றுவிடும். தழும்பை மூடினால்தான் நான் கோபப்படுவேன்.

இதே டைகர் 131 சினிமாவிலும் நடித்திருக்கிறது. 1950-இல் ‘தே வேர் நாட் டிவைடட்’ என்ற பிரிட்டிஷ் படத்தில். அதற்குப்பின் பல பத்தாண்டுகள் கழித்து 2014-இல் ‘ஃப்யூரி’. அந்தப் படத்தின் நாயக ஷெர்மனும் போவிங்டனிலிருந்து போனதுதான். டைகர் ஒரு புதரைப் பிளந்துகொண்டு வெளியே வரும் காட்சியைச் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள். 57 டன் இரும்பு நகரும்போது மண் படும் பாடு, எந்தத் தகட்டு வேஷத்திலும் வராது. ஆனாலும் இதைத் திரும்பத் திரும்பப் படப்பிடிப்புக்கு அனுப்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஓட்டமும் தேய்மானம். மாற்றுப் பாகம் கடையில் கிடைக்காது. ஆண்டில் ஓரிரு நாள் பார்வையாளர்களுக்காக ஓட்டுகிறார்கள், அது போதும்.

இத்தனையும் சொன்னபின், எனக்கு உண்மையான மனத்தாங்கல் வேறு இடத்தில். டி-34-க்கு டைகர் வேஷம் போட்டதை மன்னித்துவிடலாம். திரும்பிய பக்கமெல்லாம் டைகர் வருகிறதே, அதை மன்னிக்க முடியவில்லை. ஜெர்மன் படையின் முதுகெலும்பு பான்சர்-4, 8,000-க்கு மேல் செய்தார்கள். டரட்டே இல்லாத ஸ்டுக்-3, பத்தாயிரம் அளவில். பிரான்சில் இறங்கிய அமெரிக்கப் படைகள் டைகர்-1-ஐ நேருக்கு நேர் சந்தித்தது மிக மிகக் குறைவு. பார்த்ததையெல்லாம் பயத்தில் டைகர் என்று அறிக்கை எழுதினார்கள். சினிமா அந்தப் பயத்தை வரலாறாக ஆக்கிவிட்டது. தாழ்ந்து பதுங்கி, ஒரு வேலி மறைவிலிருந்து சுட்ட ஸ்டுக்கில் அடிபட்டுச் செத்தவர்கள் ஏராளம். அவர்கள் கதைக்கு டைகர் தேவையே இல்லை. நீங்கள் ஏமாந்தது தகட்டில் இல்லை, திரைக்கதையில்.

அகமத்நகர், இப்போது அகில்யாநகர். ராணுவத்தின் கவசப் படைப் பயிற்சி மையத்தைச் சேர்ந்த அருங்காட்சியகம் அது, 1994-இல் திறந்தது. பெரும்பாலானவை வெட்டவெளியில் நிற்கின்றன, வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். டைகரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். முதலில் சிறைபிடித்த பேட்டன்களிடம் போங்கள். பெயின்ட் தடிமனாக இருக்கும், அதற்கு அடியிலும் குண்டு பட்ட இடம் கையில் தட்டுப்படும். பிறகு ஜப்பானியச் சிறு டாங்கியான ஹா-கோ. அதன் கவசத் தகட்டின் தடிமனை ஒரு சர்ச்சில் டாங்கியின் தகட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதில் உட்கார்ந்து போருக்குப் போன பையன்களை நினைத்தால் வயிறு கலங்கும். கடைசியாக விஜயந்தா. 1965-இலிருந்து ஆவடியில் செய்தது. ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் உங்கள் உறவில் யாராவது இருந்தால், கிளம்புமுன் அவரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போங்கள். அறிவிப்புப் பலகையில் இல்லாததை அவர் சொல்லுவார்.

மகனை அங்கே முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நடங்கள். அவன் முதலில் சக்கரத்தைத்தான் பார்ப்பான். போய்வந்து எழுதுங்கள்.