கல்லூரி கோல்ஃபில் தனித்து நின்ற ஒருவர் யார்? அவர் சாதித்தது ஏன் பெரிது?

கேட்டவர் இன்னும் ஒன்றையும் சேர்த்திருக்கிறார்: "எண்ணிக்கையை மட்டும் அடுக்காமல், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். அவருடைய ஆட்டத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?"

என் பதில் ரோஸ் ஜாங். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அணிக்காக 2021 முதல் 2023 வரை, இரண்டே இரண்டு பருவங்கள் ஆடினார். மொத்தம் 20 போட்டிகள். அதில் 12 வெற்றி.

இந்த 12 என்ற எண்ணைப் பலரும் சொல்வார்கள். ஆனால் கோல்ஃபை அவ்வளவாகப் பார்க்காதவருக்கு அது எவ்வளவு பெரியது என்பது உடனே பிடிபடாது. டென்னிஸில் எதிரே நிற்பவர் ஒருவர்தான்; அவரை வீழ்த்தினால் போதும். கல்லூரி கோல்ஃப் போட்டியில் எண்பது, நூறு பேர் ஒரே சமயத்தில் ஆடுவார்கள். யார் மிகக் குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளையும் முடிக்கிறாரோ அவரே வெற்றியாளர். நாம் நன்றாக ஆடினாலும், மைதானத்தின் வேறு மூலையில் முகம் தெரியாத ஒருவர் அன்று நம்மை விட ஒரு அடி குறைவாக ஆடிவிட்டால் கதை முடிந்தது. அதனால்தான் உலகத்தரம் வாய்ந்தவர்கள்கூட வருடத்துக்கு இரண்டு மூன்று கோப்பைகள் கிடைத்தால் அதை நல்ல வருடம் என்பார்கள். இவர் ஐந்து போட்டிக்கு மூன்று என்ற கணக்கில் வென்றிருக்கிறார். இரண்டாவது பருவத்தில் பத்தில் எட்டு.

பத்தில் எட்டு என்பதை இதற்கு முன்பும் ஒருவர் செய்திருக்கிறார். மெக்சிகோவின் லொரேனா ஓச்சோவா, அரிசோனா பல்கலைக்கழகத்துக்காக, 2001-02 பருவத்தில். முதல் ஏழு போட்டிகளையும் வரிசையாக வென்றார் அவர். ஆனால் தேசியக் கல்லூரிப் போட்டியான என்.சி.ஏ.ஏ. தனிநபர் பட்டம் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை; இரண்டு முறையும் இரண்டாமிடம். பிற்காலத்தில் உலகின் முதல் நிலை வீராங்கனையாக உயர்ந்தவருக்கே அந்தப் பட்டம் நழுவிப் போனது என்பதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த வரியைப் படியுங்கள். ரோஸ் ஜாங் அந்தப் பட்டத்தை 2022, 2023 என்று இரண்டு முறை வென்றார். மகளிரில் அதை இரண்டு முறை வென்ற முதல் ஆள் அவர்தான். ஆடவரில் பென் கிரென்ஷா, ஃபில் மிக்கெல்சன் ஆகியோர் மூன்று முறை வென்றிருக்கிறார்கள். மகளிர் பிரிவில் அதுவரை ஒருவரும் இரண்டாவது முறையை எட்டியதில்லை.

2022-இல் இன்னொன்றும் நடந்தது. அரிசோனா மாநிலத்தின் ஸ்காட்ஸ்டேலில் உள்ள கிரேஹாக் மைதானத்தில் தனிநபர் பட்டத்தை வென்ற அதே வாரம், ஸ்டான்ஃபோர்ட் அணியும் ஓரிகன் அணியை 3-2 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. கல்லூரி கோல்ஃபின் முறையைத் தெரிந்துகொண்டால்தான் இதன் எடை புரியும். ஒரு அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். ஒவ்வொரு நாளும் அவர்களில் சிறந்த நால்வரின் எண்ணிக்கை அணிக்குச் சேரும். தேசியப் போட்டியில் நான்கு சுற்றுகள் (சுற்றுக்கு 18 குழிகள்) முடிந்ததும் தனிநபர் வெற்றியாளர் முடிவாகிவிடுவார். அதோடு விடமாட்டார்கள். முதல் எட்டு அணிகள் அப்புறம் ஆளுக்கு ஆள் மோதும் நாக்அவுட் ஆட்டங்களுக்குப் போகும். அதாவது 72 குழிகள் ஆடி, பட்டம் வென்று, கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்ட பிறகு, மறுநாள் காலை மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு அணிக்காக இறங்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. தொழில்முறை ஆட்டத்தில் இருப்பதுபோல் தனக்கென்று ஒரு கேடி இங்கே கிடையாது. பையைத் தானே சுமக்க வேண்டும், இல்லையென்றால் தள்ளுவண்டியில் தானே தள்ள வேண்டும்.

முதல் பருவத்தில் ஒரு சுற்றுக்கு அவருடைய சராசரி 69.68 அடிகள். மகளிர் கல்லூரி கோல்ஃபில் ஒரு பருவத்துக்கு அதுவரை பதிவான மிகக் குறைந்த சராசரி அது. ஒரு குழியையோ சுற்றையோ முடிக்க நல்ல ஆட்டக்காரருக்கு இவ்வளவு அடி ஆகும் என்று வைத்திருக்கும் கணக்குதான் 'பார்'; பெரும்பாலான மைதானங்களில் ஒரு சுற்றுக்கு அது 72. ஒரு நாள் 68 அடிப்பது நல்ல வீராங்கனைகள் பலருக்கும் முடியும். காற்றடித்த நாள், தூக்கமில்லாத நாள், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த வாரம் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு 70-க்குக் கீழே சராசரி வைப்பதுதான் அபூர்வம்.

டைகர் வுட்ஸையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எப்படியும் யாராவது கேட்பீர்கள். அவரும் ஸ்டான்ஃபோர்ட்காரர். 1994 முதல் 1996 வரை இரண்டு வருடங்கள் அங்கே ஆடி 11 போட்டிகள் வென்றார். பாட்ரிக் ராட்ஜர்ஸ், மேவரிக் மெக்நீலி ஆகியோரும் 11 வெற்றிகளோடு ஸ்டான்ஃபோர்டில் அதிகம் வென்றவர்கள் பட்டியலில் இருந்தார்கள். ரோஸ் ஜாங் 12-ஐத் தொட்டதும் "டைகரை முந்தினார்" என்று எங்கும் தலைப்புகள். ஸ்டான்ஃபோர்ட் வரலாற்றுக் கணக்கில் அது உண்மைதான். ஆனால் ஆடவர் போட்டி வேறு, மகளிர் போட்டி வேறு. எதிரே நின்றவர்கள் வேறு. இதை வைத்து யார் பெரியவர் என்று அளப்பது இருவருக்குமே நியாயமாகாது என்பது என் எண்ணம். ரோஸ் ஜாங்கின் பெருமைக்கு அந்த ஒப்பீடு தேவையும் இல்லை.

சரி, எண்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: கை கொடுக்காத நாளிலும் ஆட்டத்தை விட்டுக்கொடுக்காமல் பிடித்து நிறுத்தத் தெரிந்தவர் அவர். அதை அவர் ஒரு தோல்வியிலிருந்து தொடங்கி நம் கண் முன்னாலேயே கற்றுக்கொண்டார்.

அந்தத் தோல்வி 2021 ஏப்ரலில், தொழில்முறைக்கு மாறாதவர்களுக்கான அகஸ்டா நேஷனல் மகளிர் அமெச்சூர் போட்டியில். அப்போது அவருக்கு 17 வயது, கல்லூரிக்குள் இன்னும் நுழையவில்லை. ஆனால் 2020-லேயே அமெரிக்க மகளிர் அமெச்சூர் பட்டத்தை, முந்தைய சாம்பியன் கேப்ரியேலா ரஃபெல்ஸை 38 குழிகள் வரை இழுத்துப் போராடி, வென்றிருந்தார். அதனால் எல்லார் கண்ணும் அவர் மேல்தான். கடைசிச் சுற்றில் முன்னிலையில் இருந்தவர் 13-ஆவது குழிக்கு வந்தார். அகஸ்டாவின் 13 என்றால் கோல்ஃப் ரசிகர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை: இடப்பக்கம் வளைந்து போகும் பார் 5, ஓரமாக ஓடும் நீரோடை, உள்வளைவில் அடர்ந்த மரங்கள். அவருடைய முதல் அடி இடப்பக்க மரங்களுக்குள் போய்த் தொலைந்தது. அந்தக் குழியில் மட்டும் எட்டு அடிகள், பாரை விட மூன்று அதிகம். பிளே-ஆஃபுக்குள் (முதலிடத்தில் சமநிலை வந்தால் வெற்றியாளரை முடிவு செய்ய ஆடும் கூடுதல் குழிகள்) நுழையும் வாய்ப்பை ஒரே ஒரு அடியில் இழந்து, மூன்றாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

இரண்டு வருடம் கழித்து, 2023-இல், அதே போட்டி. முதல் இரண்டு சுற்றுகள் சாம்பியன்ஸ் ரிட்ரீட் மைதானத்தில் நடக்கும். அங்கே 66, 65 என்று அடித்து ஐந்து அடிகள் முன்னால் நின்றார். கடைசிச் சுற்றுக்கு அகஸ்டாவுக்குள் நுழைந்தபோது போட்டி முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அன்று எதுவும் சரியாக அமையவில்லை. நடுவில் வானிலை வேறு ஆட்டத்தை நிறுத்தியது. 76 அடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து அடி முன்னிலையும் கரைந்து, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜென்னி பே அவரைச் சமன் செய்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு 2021-இன் 13-ஆவது குழிதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. அவருக்கு மட்டும் வராமலா இருந்திருக்கும்?

பிளே-ஆஃபின் இரண்டாவது குழியில், அகஸ்டாவின் பத்தாவதில், அவர் செய்தது வெறும் பார். பிரமாதமான ஷாட் என்று எதுவும் இல்லை. முதல் அடி ஃபேர்வே என்ற புல்வழியில், அடுத்தது குழி இருக்கும் கிரீனில், பிறகு பந்தைக் குழிக்குள் உருட்ட இரண்டு பட். ஜென்னி பே ஒரு அடி அதிகம் எடுத்தார். கோப்பை ரோஸ் ஜாங்குக்கு. 65 அடித்த நாளை விட இந்த 76 அடித்த நாளையே நான் பெரிதாக நினைக்கிறேன். 65 அடிக்கும்போது ஆட்டமே நம்மைச் சுமந்து போகும். 76 அடிக்கும் நாளில் ஒவ்வொரு அடியையும் நாம்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

அதன் பிறகு நடந்தவை நம்ப முடியாத வேகத்தில் நடந்தன. மே 22 அன்று இரண்டாவது என்.சி.ஏ.ஏ. தனிநபர் பட்டம், ஒரே ஒரு அடி வித்தியாசத்தில். இரண்டு நாள் கழித்து இருபதாவது பிறந்தநாள். அந்த வாரமே தொழில்முறைக்கு மாறுவதாக அறிவிப்பு. ஜூன் 1 அன்று நியூ ஜெர்சியின் லிபர்ட்டி நேஷனல் மைதானத்தில், மிசுஹோ அமெரிக்காஸ் ஓப்பனில், தொழில்முறை வீராங்கனையாக முதல் சுற்று. ஜூன் 4 அன்று கோப்பை அவர் கையில். முதல் தொழில்முறைப் போட்டியிலேயே எல்.பி.ஜி.ஏ. (மகளிர் தொழில்முறை கோல்ஃப் அமைப்பு) பட்டம் வென்றவர் அதற்கு முன் ஒருவர்தான் இருந்தார்: பெவர்லி ஹான்சன், 1951-இல். இடையில் 72 வருடங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நல்ல நாள் அல்ல. கடைசிச் சுற்றில் 74. பதினெட்டாவது கிரீனில் எட்டடித் தூரத்தில் ஒரு பட்; போட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். போகவில்லை. மறுபடியும் பிளே-ஆஃப். எதிரே ஜெனிஃபர் கப்சோ. யார் அவர் தெரியுமா? 2018-இன் என்.சி.ஏ.ஏ. சாம்பியன், அகஸ்டா மகளிர் அமெச்சூர் போட்டி 2019-இல் தொடங்கியபோது முதல் கோப்பையை வென்றவர். ரோஸ் ஜாங் நடந்து வந்த பாதையில் அவருக்கு முன்னால் நடந்தவர். முதல் முறை இருவரும் பார். இரண்டாவது முறை அதே பதினெட்டில் ரோஸ் ஜாங் நெடுந்தூரம் அடிக்க உதவும் ஹைபிரிட் மட்டையை எடுத்து அடித்த பந்து கிரீனில் இறங்கிக் கொடிக்கு அருகே போய் நின்றது. கப்சோ அந்தக் குழியைப் பாரில் முடிக்க முடியவில்லை. இவர் இரண்டு பட்டில் முடித்தார். பரிசு 4,12,500 டாலர். இரண்டு வாரம் முன்புவரை அமெச்சூர் என்பதால் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பரிசுப் பணத்தைத் தொட முடியாமல் இருந்தவர்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெச்சூர் உலகத் தரவரிசையில் தொடர்ந்து 141 வாரங்கள் முதலிடம். அயர்லாந்தின் லியோனா மகுவைர் மொத்தமாக வைத்திருந்த 135 வாரச் சாதனையை அது தாண்டியது. ஆண்டின் சிறந்த கல்லூரி வீராங்கனைக்கான ஆனிகா விருது 2022, 2023 என்று அடுத்தடுத்து இரண்டு முறை. தொழில்முறையில், 2024 மே மாதம் ஃபவுண்டர்ஸ் கோப்பையில் கடைசி ஐந்து குழிகளில் நான்கு பேர்டி (பாரை விட ஒரு அடி குறைவு) அடித்து இரண்டாவது எல்.பி.ஜி.ஏ. பட்டம், தொடர்ந்து ஐந்து போட்டிகள் வென்றுகொண்டிருந்த நெல்லி கோர்டாவின் ஓட்டம் அங்கேதான் நின்றது. அதே வருடம், அமெரிக்க, ஐரோப்பிய மகளிர் அணிகள் மோதும் சோல்ஹைம் கோப்பையில் ஆடிய நான்கு ஆட்டங்களிலும் வெற்றி.

எனக்கு இவரை மிகவும் பிடிக்க இன்னொரு காரணம், தொழில்முறைக்குப் போன பிறகும் ஸ்டான்ஃபோர்ட் படிப்பை அவர் கைவிடவில்லை. லட்சக்கணக்கான டாலர் பரிசுத்தொகைக்கு ஆடிக்கொண்டே, குளிர்காலத்தில் வகுப்பறைக்குத் திரும்பினார். அதனால் ஆட்டத்தில் சில வாரங்கள் பின்தங்க நேரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் போனார்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்டீர்கள். கோப்பையைத் தூக்கும் காட்சிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் 2021 அகஸ்டாவின் 13-ஆவது குழி. உடனே அடுத்ததாக 2023 பிளே-ஆஃபின் பத்தாவது குழி. இரண்டிலும் பந்தைப் பார்க்காமல், அடி முடிந்த பிறகு அவர் அடுத்த இடத்துக்கு நடந்து போவதை மட்டும் பாருங்கள். அப்புறம் லிபர்ட்டி நேஷனலின் அந்த ஹைபிரிட் ஷாட்டுக்கு வாருங்கள்.