‘மறக்காத ஃபான்ட்’ வாங்கலாமா?

கேள்வி: தேர்வுக்குப் படிக்கிறேன். படித்தது மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது. ‘இந்த ஃபான்ட்டில் படித்தால் மறக்காது’ என்று சொல்லிப் பாடக் குறிப்புகளை விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள்.

2018-இல் மெல்போர்னின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் ‘சான்ஸ் ஃபர்கெட்டிகா’ என்ற ஆங்கில எழுத்துருவை வெளியிட்டது. எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், கோடுகள் நடுநடுவே அறுந்திருக்கும். சிரமப்பட்டுப் படித்தால் நன்றாகப் பதியும் என்பது அவர்கள் கணக்கு. 2020-இல் வார்விக், வைகாட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 882 பேரிடம் சோதித்தபோது, படிக்கச் சிரமமாக இருந்ததே தவிர நினைவு கூடவில்லை. விற்பவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள். அந்த எழுத்துருவைப் பல்கலைக்கழகம் இலவசமாகவே கொடுத்தது என்பதையும் சொல்ல மாட்டார்கள். ‘ஆய்வில் நிரூபணமானது’ என்றால், எந்த ஆய்வு, எந்த ஆண்டு என்று கேளுங்கள். பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தமிழில் இந்த வித்தை இன்னும் மோசம். புள்ளி மறைந்தால் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். ஒரு சுழி அறுந்தால் ‘மணம்’ ‘மனம்’ ஆகிவிடும். பதிவதே தப்பாகப் பதியும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பக்கம் முழுக்கச் சாதாரண எழுத்தாக இருந்து, ஒரே ஒரு வரி மட்டும் தடித்தோ வேறு நிறத்திலோ இருந்தால் அந்த வரி மற்றவற்றைவிட நன்றாக நினைவில் நிற்கும். 1933-இலேயே ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற உளவியலாளர் இதை எழுதினார். ஒரு வரி என்பதை அழுத்திச் சொல்கிறேன். பக்கத்துக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. ஐந்தாறு வரிகளுக்கு மஞ்சள் பூசினால் எதுவுமே தனித்துத் தெரியாது. முழுப் பக்கத்துக்கும் பூசி வைக்கிற நோட்டுகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். எந்த வரி முக்கியம் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். அச்சடித்து விற்பவர் செய்யக் கூடாது.

உண்மையான குற்றவாளி வேறு. தாளை மிச்சம் பிடிக்க எழுத்தைப் பொடியாக்கி, வரிகளை நெருக்கி அச்சடிக்கிறார்கள். ஒரு வரி முடிந்து அடுத்ததைத் தேடுவதற்குள் கண் தடுமாறுகிறது. பாடநூலுக்கு ஒப்புதல் தருபவர்கள் இதை ஏன் பார்ப்பதில்லை? கடைசியில் பழி பிள்ளைகளின் ஞாபகத்தின் மேல்!

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பழகிய ஃபான்ட்டில் 12 பாயிண்ட் அளவில், ஒன்றரை வரி இடைவெளி விட்டுக் குறிப்பெடுங்கள். தாளின் வலப்பாதியைக் காலியாக விடுங்கள். படித்ததும் இடப்பாதியை மூடிவிட்டு, நினைவிலிருந்து வலப்பக்கம் எழுதுங்கள். விட்டுப்போனதை மட்டும் திரும்பப் படித்து, இரண்டு நாள் கழித்து வேறு தாளில் மறுபடி எழுதிப் பாருங்கள்.