எந்தப் பிரபலத்தின் மறைவு உங்களைத் தனிப்பட்ட முறையில் பாதித்தது?

கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார். 2021 அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை. மாரடைப்பு. வயது 46.

உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருந்த மனிதர் ஒரே காலைப்பொழுதில் போய்விட்டார் என்றதும் பெங்களூருவில் முதலில் கிளம்பியது பயம். ஜெயதேவா இதய மருத்துவமனையில், எதற்கும் ஒரு ஈசிஜி பார்த்துவிடலாம் என்று வந்த இளைஞர் கூட்டம் சில நாள் அலைமோதியது. ஜிம் போகலாமா கூடாதா என்று டிவியில் விவாதம். அந்தப் பயம் வடிந்துவிட்டது. வடியாமல் நின்ற ஒன்று உண்டு. அவர் கண்களைத் தானமாகக் கொடுத்தார்கள், இரண்டு கண்ணால் நான்கு பேருக்குப் பார்வை கிடைத்தது, அதன் பிறகு கர்நாடகத்தில் கண் தானம் செய்ய முன்வந்தவர்கள் எண்ணிக்கை சட்டென்று ஏறியது. ஒரு நடிகரின் சாவு முன்பின் தெரியாதவர்களை இப்படியும் பாதிக்கும் என்பதால் என் பதில் அவர்தான்.

இரண்டு கண் எப்படி நான்கு பேருக்கு ஆகும்? பலரும் இதைப் பத்திரிகை மிகை என்றே நினைக்கிறார்கள். மிகை இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கண் தானம் என்றால் முழுக் கண்ணையும் எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவதில்லை. பயன்படுவது கார்னியா மட்டும். நாம் பேச்சில் கருவிழி என்று சொல்லும் கறுப்பு வட்டத்துக்கு மேலே, கைக்கடிகாரத்தின் கண்ணாடி மூடி போல உட்கார்ந்திருக்கும் நிறமில்லாத படலம் அது. அகலம் 11 முதல் 12 மில்லிமீட்டர். நடுப்பகுதியின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், அதாவது ஐந்து ஜெராக்ஸ் தாளை அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு. ரத்தக்குழாய் கிடையாது. வாங்கிக்கொண்டவருக்குக் கண்ணின் நிறமும் மாறாது. விழித்திரை கெட்டவருக்கும் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயில் நரம்பு போனவருக்கும் இந்தத் தானம் உதவாது. கார்னியா கலங்கியவருக்கும் கோணியவருக்கும்தான்.

அந்த அரை மில்லிமீட்டருக்குள்ளும் அடுக்குகள் உண்டு. சிலருக்கு முன்பக்கம் தழும்பாகியோ கூம்பு மாதிரி புடைத்தோ இருக்கும், உள்ளடுக்கு நன்றாகவே இருக்கும். வேறு சிலருக்கு முன்பக்கம் பழுதில்லை; கடைசி அடுக்கான எண்டோதீலியம் செத்துப்போய் கார்னியாவில் நீர் கோத்து வெளுத்திருக்கும். இரண்டு பேருக்கும் முழுக் கார்னியா தேவையில்லை. ஆகவே தானம் வந்த கார்னியாவை வெள்ளை விளிம்போடு ஒரு சின்னச் செயற்கை அறையின் மேல் இறுக்கிப் பொருத்தி, அடியிலிருந்து திரவ அழுத்தம் கொடுத்து விறைப்பாக்கி, மைக்ரோகெரட்டோம் என்ற நுண்கத்தியால் குறுக்கே சீவுகிறார்கள். பின்பக்கத்தில் நிற்கும் சீவல் 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர். கழன்று வரும் முன்பக்கம் அதைவிடத் தடிமன். முன்பக்கம் ஒருவருக்கு, பின்பக்கம் இன்னொருவருக்கு. முன்பக்கத்தை நூலிழைத் தையல் போட்டு நிறுத்துவார்கள். பின்பக்கத்தைச் சில மில்லிமீட்டர் கீறல் வழியாக உள்ளே நுழைத்து, காற்றுக் குமிழி ஒன்றை விட்டு மேலே ஒட்டவைப்பார்கள். அதனால்தான் அந்த நோயாளியை அறுவைக்குப் பிறகு மணிக்கணக்கில் மல்லாந்து படுக்கச் சொல்கிறார்கள். குமிழி மேல்நோக்கித்தானே அழுத்தும்?

புனீத்தின் கண்களை வெள்ளிக்கிழமையே எடுத்து, சனிக்கிழமை பெங்களூரு நாராயண நேத்ராலயாவில் இப்படிப் பிரித்து நான்கு பேருக்கு வைத்தார்கள். எல்லாக் கண்ணுக்கும் ஏன் இதைச் செய்வதில்லை என்றால், ஒரே கண்ணுக்கு இரண்டு விதமான நோயாளிகள் ஒரே சமயத்தில் தயாராக இருக்க வேண்டும், இரண்டு அறுவைக்கும் கைதேர்ந்தவர்கள் வேண்டும். சீவும்போது கத்தி ஆழம் தப்பினால் இரண்டு துண்டும் வீண்.

சரி, இதற்கெல்லாம் முந்திய படி ஒன்று இருக்கிறது. அது மருத்துவமனையில் இல்லை, வீட்டில்.

புனீத்தின் அப்பா, கன்னட நடிகர் டாக்டர் ராஜ்குமார் (ஈரோடு மாவட்டம் தாளவாடிப் பக்கத்துக் காஜனூர்க்காரர்) 1994-இல் நாராயண நேத்ராலயாவின் கண் வங்கியைத் தொடங்கிவைத்தபோது குடும்பம் முழுவதன் கண்களையும் தருவதாகச் சொல்லிவிட்டார். 2006 ஏப்ரலில் அவர் இறந்தபோது கண்களைக் கொடுத்தார்கள். 2017 மே மாதம் அம்மா பார்வதம்மா இறந்தபோதும் கொடுத்தார்கள். புனீத் மூன்றாவது. அந்த வீட்டில் யாரும் யாரையும் சமாதானப்படுத்த வேண்டிய நிலை இல்லை. நம் வீடுகளில் சறுக்குவது சரியாக இந்த இடத்தில்தான். உறுதிமொழி அட்டை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும், அது இருப்பதே பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு தெரியவரும். அட்டை கண்ணைக் கொடுக்காது. சாவு வீட்டில் ஒருவர் நிதானமாக எடுத்துப் பேசும் போன் கொடுக்கும். அட்டையே இல்லாவிட்டாலும் நெருங்கிய உறவினர் சம்மதித்தால் கண் தானம் செய்யலாம். அட்டை இருந்து வீட்டில் ஒருவர் வேண்டாம் என்று சண்டைக்கு நின்றால் கண் வங்கி ஆட்கள் பேசாமல் திரும்பிவிடுவார்கள்.

இறந்ததிலிருந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்துவிட வேண்டும். எண்டோதீலியத்தின் வேலை கார்னியாவிலிருந்து ஓயாமல் நீரை இறைத்து வெளியேற்றுவது. உயிர் போனதும் அந்த இறைப்பு நின்றுவிடும், கார்னியா ஊறிக் கலங்கத் தொடங்கும். அந்த அணுக்கள் மறுபடி முளைப்பதும் இல்லை. வெயில் காலத்தில், காற்று வராத அறையில், 6 மணி நேரம் காத்திருக்காமல் நான்கு மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது.

கண் வங்கிக்கு முதலில் போன். உறவினர்களுக்குச் சொல்வது அதற்கு அடுத்து. எண்ணை முன்பே போனில் சேமித்திருக்க வேண்டும். அழுகைக்கு நடுவில் கூகுளில் தேடினால் பத்து வருடப் பழைய எண்தான் கிடைக்கும். இறந்தவர் வயது, இறந்த நேரம், காரணம், வீட்டு விலாசம், ஓர் அடையாளம், இரண்டு போன் எண் சொன்னால் போதும்.

அவர்கள் வந்து சேர்வதற்குள் செய்ய வேண்டியவை. மின்விசிறியை நிறுத்துங்கள். கண்கள் வீணாவதற்கு இதுவும் ஒரு காரணம்: இமை அரைக்கண்ணாகத் திறந்திருக்க, மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓட, கார்னியா சீக்கிரமே நடுவில் பட்டையாகக் காய்ந்துவிடும். ஏசி இருந்தால் போடலாம், குளிர் நல்லது. இமைகளை மெல்ல மூடி, சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சை மேலே வையுங்கள்; அரை மணிக்கு ஒருமுறை நனைத்து மாற்றுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள். தலைக்கடியில் இரண்டு தலையணை வைத்து அரை அடி உயர்த்துங்கள். ரத்தம் தலைப்பக்கம் தேங்காது, கண்ணை எடுத்த பிறகு வீக்கமும் கசிவும் குறையும். நெற்றி நிறைய விபூதி பூசுவது, பன்னீர் தெளிப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் அவர்கள் போன பிறகு. விபூதித் தூள் கண்ணுக்குள் விழுந்தால் கார்னியாவில் கீறல் விழும்.

ஐஸ் பெட்டி வந்துவிட்டால் அதில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். தலையணையை மட்டும் எடுத்துவிடாதீர்கள், எத்தனை மணிக்குப் பெட்டியில் வைத்தீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

வந்த குழுவுக்குத் தேவை: மருத்துவர் இறப்பை உறுதி செய்த சான்று, நெருங்கிய உறவினர் ஒருவரின் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, நல்ல வெளிச்சம். வீட்டில் இறந்தவருக்கு இந்தச் சான்றுதான் இழுபறியாகும். தெரு முனை டாக்டரை உடனே கூப்பிட்டுவிட வேண்டும். எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் சோதனைகளுக்குக் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். வேலை இருபது நிமிடம். இப்போது பல இடங்களில் கண்விழி முழுவதையும் எடுப்பதில்லை; சுற்றிலும் 2, 3 மில்லிமீட்டர் வெள்ளை விளிம்போடு கார்னியாவை மட்டும் எடுத்து, அந்த இடத்தில் பிளாஸ்டிக் மூடி வைத்து இமையை மூடிவிடுவார்கள். முகத்தில் குழி விழும் என்ற பயத்துக்கு ஆதாரமே இல்லை. கதவைத் திறந்த பிறகு பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

எடுத்த கார்னியாவைத் திரவத்தில் மிதக்கவிட்டு 2 முதல் 8 டிகிரியில் வைப்பார்கள். எம்கே என்ற பழைய திரவத்தில் 4 நாள் தாங்கும். மதுரை ஆரோலேப் நிறுவனம் தயாரிக்கும் கார்னிசால் போன்றவற்றில் 14 நாள் வரை. அதற்குள் ரத்தச் சோதனை முடிவு வந்து, நுண்ணோக்கியில் எண்டோதீலிய அணுக்களை எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2000-க்கு மேல் இருந்தால் உள்ளடுக்கு மாற்றுக்குத் தாராளம். அதற்குக் குறைந்தாலும் குப்பைக்குப் போவதில்லை: புண்ணாகி ஓட்டை விழுந்த கண்ணை அடைக்கவும், இளம் மருத்துவர்கள் பயிற்சி எடுக்கவும் ஆகும்.

“மகன் துபாயிலிருந்து வரட்டும், அவன் பார்த்த பிறகு எடுங்கள்” என்பதுதான் நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் தடை. பதிலுக்கு அந்த அக்டோபர் நாட்களையே காட்டலாம். புனீத்தின் மூத்த மகள் நியூயார்க்கிலிருந்து வர வேண்டியிருந்தது, இறுதிச் சடங்கை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினார்கள். கண்களை எடுப்பதைத் தள்ளவில்லை. கண்டீரவா மைதானத்தில் லட்சக்கணக்கானவர்கள் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்த சனிக்கிழமைதான் அந்த நான்கு பேருக்கும் அறுவை. அப்பாவின் முகத்தை மகள் பார்த்தது அதே நாள் மாலை.

இன்னொரு தடை, “அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பார்”. பெரியவர்களோடு அந்த நேரத்தில் வாதாடிப் பயனில்லை. இறந்தவர் உயிரோடு இருந்தபோதே தன் வாயால் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால் பெரும்பாலும் அந்தப் பேச்சு எழுவதில்லை, “அவரே ஆசைப்பட்டார்” என்ற ஒரு வரியில் அடங்கிவிடும்.

யார் தரலாம்? சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, கண்ணாடி, கண்புரை அறுவை எதுவும் தடையில்லை. வயது வரம்பும் இல்லை. லேசிக் (கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசர் சிகிச்சை) செய்தவரின் முன்பக்கம் பயன்படாது, உள்ளடுக்கு பயன்படும். எச்ஐவி, மஞ்சள் காமாலை பி அல்லது சி, வெறிநாய்க்கடி, மூளைக்காய்ச்சல், ரத்தத்தில் பரவிய தொற்று, ரத்தப் புற்றுநோய் இருந்தால் எடுக்கமாட்டார்கள். காரணம் தெரியாத சாவும் அப்படியே. விபத்து, போலீஸ் கேஸ் என்றாலே முடியாது என்று விட்டுவிடாதீர்கள். விசாரணை அதிகாரி ஒப்புக்கொண்டால் பிரேதப் பரிசோதனையோடு சேர்த்து முடித்துக்கொள்ளலாம். வென்டிலேட்டரில் பல நாள் இருந்தவர் என்றால் ஐசியு செவிலியரிடம் அப்போதே சொல்லி இமைகளை மூடி ஒட்டி வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உயிர் இருக்கும்போதே கார்னியா காய்ந்து புண்ணாகிவிடும்.

பணம் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் கூடாது; சட்டப்படி குற்றம். கண் யாருக்குப் போனது என்றும் சொல்லமாட்டார்கள். பயன்பட்டதா இல்லையா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அப்புவின் (ரசிகர்கள் புனீத்தை அப்படித்தான் அழைப்பார்கள்) கண்ணால் பார்க்கிற நான்கு பேரின் பெயரை மருத்துவமனை சொல்லாததும் அதனால்தான்.