சோயாத் தீவனமும் மீனின் கல்லீரலும்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: கெண்டை மீன் தீவனத்தில் 30 சதவீதம் சோயாப் புண்ணாக்கு சேர்க்கிறோம். சோயாவில் பெண் ஹார்மோன் இருக்கிறது என்று பக்கத்துப் பண்ணையில் சொல்கிறார்கள். உண்மையா? மீனின் உடம்பில் அது என்ன ஆகிறது? (ஒரத்தநாடு வாசகர்)

சோயாவில் இருப்பது ஹார்மோன் அல்ல. ஐசோஃபிளேவோன் என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஜெனிஸ்டீன், டெய்ட்சீன், கிளைசிட்டீன் ஆகிய பொருள்கள். இவற்றின் மூலக்கூறு வடிவம் ஈஸ்ட்ராடையோல் என்ற பெண் ஹார்மோனை ஓரளவு ஒத்திருக்கிறது. அதனால் செல்லில் அந்த ஹார்மோன் வந்து பொருந்தும் இடமான ஏற்பியில் இவையும் போய்ப் பொருந்துகின்றன. ஆனால் வலிமை மிகக் குறைவு, ஹார்மோனின் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழோதான். வலிமை குறைவு என்று ஒதுக்கிவிடவும் முடியாது, ஏனென்றால் உள்ளே போகும் அளவு அதிகம்.

உங்கள் தீவனத்தையே கணக்குப் போடுவோம். எண்ணெய் நீக்கிய சோயாவில் 100 கிராமுக்குச் சுமார் 150 மில்லிகிராம் ஐசோஃபிளேவோன் இருக்கும். ரகத்தையும் விளைந்த பருவத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். 30 சதவீதம் சேர்த்தால் ஒரு கிலோ தீவனத்தில் 450 மில்லிகிராம். அரைக் கிலோ மீன் ஒன்று உடல் எடையில் 2 சதவீதம், அதாவது நாளுக்கு 10 கிராம் தின்றால், 4.5 மில்லிகிராம் அதன் குடலுக்குள் போகிறது. தினமும்.

இனி அதன் பயணம். பருப்பில் இந்தப் பொருள்கள் சர்க்கரையோடு பிணைந்தே இருக்கின்றன. அந்த நிலையில் குடல் சுவரைத் தாண்டி எளிதில் உள்ளே போகாது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் பீட்டா குளுகோசிடேஸ் என்ற நொதியால் சர்க்கரையை வெட்டிவிடுகின்றன. விடுபட்ட ஜெனிஸ்டீன் கொழுப்பில் கரையக்கூடியது, குடல் சுவரை எளிதாகக் கடக்கும். கடந்ததுமே அங்கேயும், பிறகு கல்லீரலிலும், அதன்மேல் குளுகுரோனிக் அமிலமோ சல்பேட்டோ ஒட்டப்படுகிறது. ஒட்டிய பிறகு அது ஏற்பியில் பொருந்தாது, நீரில் கரையும், பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறும்.

இதில் ஒரு சுற்று உண்டு. பித்தத்தோடு குடலுக்கு வந்ததைப் பாக்டீரியாக்கள் மறுபடி வெட்டுகின்றன, ஒரு பகுதி மறுபடி இரத்தத்தில் ஏறுகிறது. ஆகவே தினமும் சோயா தின்னும் மீனின் இரத்தத்தில் எப்போதும் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும். தீவனத்தை மாற்றினால் சில நாட்களில் வடிந்துவிடும்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. மீன் தன் சொந்த ஈஸ்ட்ராடையோலைக் கழிக்கவும் இதே ஒட்டும் நொதிகளைத்தான் நம்பியிருக்கிறது. சால்மன் குடும்ப மீன்களின் கல்லீரல் நொதிகளை வைத்துச் செய்த சோதனைகளில், ஜெனிஸ்டீனும் அதன் உறவுப் பொருள்களும் அந்த நொதிகளைத் தடுப்பது தெரியவந்தது. அப்படியானால் சோயா இரண்டு வழியில் வேலை செய்யலாம்: தானே ஏற்பியில் பொருந்துவது ஒன்று, மீனின் சொந்த ஹார்மோன் கழியாமல் தேங்க வைப்பது இன்னொன்று. தீவனத்தில் இருக்கும் அளவை மட்டும் பார்த்து விளைவைச் சொல்லிவிட முடியாததற்கு இது ஒரு காரணம்.

விற்பனைக்கு வளர்க்கும் குளத்தில் 30 சதவீதத்தைத் தாராளமாகத் தொடருங்கள். சினை மீன் குளத்துக்கு மட்டும் வேறு கணக்கு. அதைக் கீழே சொல்கிறோம்.

கேள்வி: எல்லா மீனும் இதை ஒரே மாதிரிதான் கையாளுமா? (கோயம்புத்தூர் வாசகர்)

இல்லை. இந்த விஷயமே அந்த வேறுபாட்டால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பிரான்சில் பண்ணையில் வளர்த்த சைபீரிய ஸ்டர்ஜன் மீன்களின் இரத்தத்தில், இருக்கக் கூடாத வேளையில் வைட்டெலோஜெனின் இருந்தது. முட்டையின் மஞ்சள் கருவுக்கான மூலப் புரதம் அது. ஈஸ்ட்ரோஜன், அதாவது ஈஸ்ட்ராடையோல் வகைப் பெண் ஹார்மோன், தூண்டினால்தான் கல்லீரல் அதைச் செய்யும். ஆண் மீனில் அநேகமாக இருக்காது. தேடிப் பார்த்ததில் தீவனத்துச் சோயாவே காரணம் என்று 1991இல் ஆய்வு வெளியானது.

சால்மன் குடும்பத்து ரெயின்போ டிரவுட் மீன் அவ்வளவு எளிதில் மசியவில்லை. ஸ்டர்ஜனின் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஜெனிஸ்டீனை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம். டிரவுட்டுக்குத் தீவனக் கிலோவுக்கு 500, 1000 மில்லிகிராம் என்று சுத்தமான ஜெனிஸ்டீனையே கலந்து நீண்ட நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போது வைட்டெலோஜெனின் ஏறியது. ஆண் மீனின் விந்தணு அடர்த்தியும் அசைவும் குறைந்தன.

உங்கள் தீவனத்தோடு ஒப்பிட இது உதவும். சோயா ஐசோஃபிளேவோனில் பாதிக்குச் சற்று மேல் ஜெனிஸ்டீன். 30 சதவீதச் சோயாத் தீவனத்தில் கிலோவுக்கு ஏறக்குறைய 250 மில்லிகிராம், அந்தச் சோதனையின் கீழ் அளவில் பாதி. நீலகிரி அவலாஞ்சியில் டிரவுட் வளர்ப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இருப்பதால் இந்த எண்கள் நமக்கும் வேண்டியவையே. ஆனால் டிரவுட்டின் எண்ணை அப்படியே கட்லாவுக்கோ ரோகுவுக்கோ பொருத்தாதீர்கள். குடல் வேறு, நீர்ச் சூடு வேறு, ஏற்பி வேறு.

கேள்வி: சோயாவை வறுத்தாலோ புளிக்க வைத்தாலோ இந்தப் பொருள் போய்விடுமா? (பட்டுக்கோட்டை வாசகர்)

போகாது. வறுப்பதால் அழிவது செரிமானத்தைக் கெடுக்கும் டிரிப்சின் தடுப்பானும் லெக்டினும். ஐசோஃபிளேவோன் சூட்டைத் தாங்கும். சர்க்கரையோடு ஒட்டியிருக்கும் பக்கக் கிளை மட்டும் வேறொரு வடிவத்துக்கு மாறுமே தவிர, மொத்த அளவு பெரிதாகக் குறையாது. தீவன ஆலையில் அழுத்திப் பொரிக்கும் மிதவைத் தீவனத்திலும் இதே கதைதான்.

புளிக்க வைத்தால் நீங்கள் நினைப்பதற்கு எதிராகவே நடக்கும். பேசில்லஸ், ஆஸ்பர்ஜில்லஸ் வகை நுண்ணுயிர்களிடமும் அந்தப் பீட்டா குளுகோசிடேஸ் இருக்கிறது. மீனின் குடலில் நடக்க வேண்டிய வெட்டும் வேலையை அவை டிரம்மிலேயே முடித்துவிடும். மீனுக்குப் போய்ச் சேர்வது ஏற்கெனவே விடுபட்ட ஜெனிஸ்டீன், இன்னும் சீக்கிரம் உறிஞ்சப்படும். புளிக்க வைத்தலுக்கு வேறு நன்மைகள் உண்டு: பாஸ்பரசைக் கட்டிவைக்கும் பைட்டேட் குறையும், ஜீரணமாகாத சர்க்கரைகள் குறையும். அவற்றுக்காகச் செய்யுங்கள், ஈஸ்ட்ரோஜன் போய்விடும் என்று நம்பிச் செய்யாதீர்கள்.

உண்மையில் நீக்குவது ஆல்கஹால் கழுவல். ஆலைகளில் 60 முதல் 70 சதவீத எத்தனால் கரைசலில் கழுவி எடுக்கும் சோயாப் புரதச் செறிவில் 100 கிராமுக்குச் சுமார் 11 மில்லிகிராம்தான் மிஞ்சுகிறது. வெறும் நீரில் கழுவிய செறிவில் 95 வரை இருக்கும். இரண்டும் ஒரே பெயரில் விற்பனைக்கு வரும். வாங்கும்போது எதில் கழுவியது என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுத்தால், அளவைச் சர்க்கரை நீக்கிய கணக்கில் தரச் சொல்லுங்கள். சர்க்கரையோடு கூடிய ஜெனிஸ்டினின் மூலக்கூறு எடை 432, சர்க்கரை நீங்கிய ஜெனிஸ்டீனின் எடை 270. ஒரே மாதிரியை ஒரு ஆய்வகம் 160 என்றும் இன்னொன்று 100 என்றும் சொல்லலாம், இரண்டும் சரியாகவே இருக்கும்.

கேள்வி: சோயா கூட்டியதிலிருந்து மீன் வளர்ச்சி மந்தம். இந்த ஈஸ்ட்ரோஜன்தான் காரணமா? (மேட்டூர் வாசகர்)

முதலில் வேறு இடங்களில் தேடுங்கள். சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. பாஸ்பரசில் பெரும்பகுதி பைட்டேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது. சரியாக வறுபடாத புண்ணாக்கில் டிரிப்சின் தடுப்பான் மிச்சமிருக்கும். புண்ணாக்குக்கு யூரியேஸ் சோதனை கேளுங்கள்: கார அமிலக் குறியீட்டின் (pH) ஏற்றம் 0.05 முதல் 0.20 வரை இருந்தால் பக்குவம் சரி. 0.20ஐத் தாண்டினால் வறுப்பு போதவில்லை. 0.05க்குக் கீழே போனால் கருகியிருக்கலாம், அப்போது லைசின் என்ற அமினோ அமிலம் கெட்டிருக்கும்.

கேள்வி: சினை மீன்களுக்குத் தனித் தீவனம் வேண்டுமா? எப்போது மாற்றுவது? (பவானிசாகர் வாசகர்)

வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. முட்டையும் விந்தும் உருவாகும் மாதங்களில், ஹார்மோன் ஏற்பியோடு விளையாடும் பொருளைத் தினமும் ஊட்டத் தேவையே இல்லை. முட்டையிடுவதற்கு ஒரு வாரம் முன்னால் தீவனம் மாற்றுவதில் பயனில்லை. பொருள் உடம்பிலிருந்து சில நாளில் போய்விடும், ஆனால் விந்தகத்தில் ஏற்பட்ட பாதிப்பு அதோடு போகாது. ஜூனில் முட்டையிடத் தூண்டும் ஊசி போடப் போகிறீர்கள் என்றால் ஜனவரி, பிப்ரவரியிலேயே மாற்றிவிடுங்கள்.

100 கிலோவுக்கு ஒரு கலவை: மீன்தூள் 25, கடலைப் புண்ணாக்கு 35, எண்ணெய் நீக்கிய தவிடு 28, மரவள்ளி அல்லது கோதுமை மாவு 8, மீன் எண்ணெய் 2, தாது உப்பு வைட்டமின் கலவை 2 கிலோ. புரதம் 33 சதவீதம் அளவில் வரும். கடலையில் ஐசோஃபிளேவோன் மிக அற்பம். செலவு தாங்கவில்லை என்றால் மீன்தூளில் 10 கிலோவைக் குறைத்து ஆல்கஹாலில் கழுவிய சோயாச் செறிவைச் சேர்க்கலாம்.

எச்சரிக்கை ஒன்று. சோயாவைத் தவிர்க்கிறோம் என்று பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைப் போட்டால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கல்லீரலையே கெடுக்கும். ஜெனிஸ்டீனைக் கழிக்க வேண்டிய உறுப்பும் அதுதான். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும், மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் இன்னும் மோசம். பியூசேரியம் பூஞ்சை உண்டாக்கும் ஜியரலெனோன், ஜெனிஸ்டீனைவிட வலுவான ஈஸ்ட்ரோஜன் தன்மை உள்ளது. கல்லீரல் ஜெனிஸ்டீனை அடக்கி அனுப்புகிறது, ஜியரலெனோனின் ஒரு பகுதியையோ ஆல்ஃபா ஜியரலெனால் என்ற இன்னும் வீரியமான பொருளாக மாற்றுகிறது. சோயாவைப் பற்றிக் கவலைப்படுபவர் முதலில் தன் சோள மூட்டையை முகர்ந்து பார்க்க வேண்டும்.

பலன் தெரிய ஆண் மீனைப் பாருங்கள். வயிற்றை மெல்ல அழுத்தினால் பால் போலக் கெட்டியான விந்து வர வேண்டும். கண்ணாடித் தகட்டில் மிகச் சிறு துளி வைத்து, குளத்து நீர் ஒரு சொட்டு சேர்த்த உடனே 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்க்க வேண்டும். கெண்டை விந்தணு நீர் பட்டதும் ஓடத் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடும். தாமதித்துப் பார்த்து மீன் சரியில்லை என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. துளியோடு சிறுநீர் கலந்தாலும் விந்தணு முன்னமே ஓடி ஓய்ந்திருக்கும், அதனால் முதலில் வருவதைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

கேள்வி: சோயா தின்றால் திலேப்பியாக் குஞ்சு எல்லாம் பெண்ணாகிவிடுமா? (கிருஷ்ணகிரி வாசகர்)

சாதாரணச் சோயாத் தீவனத்தால் குஞ்சுகள் எல்லாம் பெண்ணாகிவிடாது. ஜெனிஸ்டீன் ஒரு பக்கம் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தொடுகிறது, இன்னொரு பக்கம் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும் அரோமடேஸ் நொதியைத் தடுக்கவும் வல்லது. இரண்டும் எதிரெதிர் திசை.

ஆனால் குஞ்சுகளை எல்லாம் ஆணாக்கும் ஒற்றைப்பால் குஞ்சு உற்பத்தி வேறு விஷயம். அனுமதி பெற்ற பொரிப்பகங்களில் மெத்தில் டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோனைத் தீவனக் கிலோவுக்கு 60 மில்லிகிராம் கலந்து, குஞ்சு இரையெடுக்கத் தொடங்கியதிலிருந்து 21 முதல் 28 நாள் கொடுக்கிறார்கள். பால் உறுப்பு ஆணா பெண்ணா என்று தீர்மானமாகும் காலம் அதுதான். அந்தத் தீவனத்தின் அடிப்படை மீன்தூளாகவே இருக்கட்டும். ஒரு குஞ்சு அந்த மூன்று நான்கு வாரத்தில் தின்பது சொற்பமே, மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல.

கேள்வி: சோயா தின்ற மீனைச் சாப்பிடும் நமக்கு ஏதாவது ஆகுமா? (சென்னை வாசகி)

கவலை வேண்டாம் அம்மா. பெரும்பகுதி பித்தத்திலும் குடலிலும்தான் இருக்கிறது, அவற்றை நாம் சுத்தம் செய்யும்போதே எறிந்துவிடுகிறோம். தசையில் தங்குவது மிக மிகக் கொஞ்சம். ஒரு தம்ளர் சோயாப் பாலில் பல மில்லிகிராம் ஐசோஃபிளேவோன் இருக்கும், மீன் துண்டு அதன் அருகே கூட வராது.

கேள்வி: புல்கெண்டைக்குக் குதிரை மசால் போடலாமா? (தருமபுரி வாசகர்)

போடலாம். அதில் கூமெஸ்ட்ரால் என்ற பொருள் உண்டு, ஜெனிஸ்டீனைவிட வலியது. நல்ல இலையில் குறைவு, இலைப்புள்ளி நோய் கண்ட இலையில் பல மடங்கு ஏறும். புள்ளி விழுந்த அறுப்பைச் சினைக் குளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்த மாதங்களில் நேப்பியர் புல் போதும்.