துறை இடிஎஃப்களை ஒப்பிடுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கச் சந்தையில் எந்தத் துறை முந்துகிறது என்று பார்க்க எந்த இடிஎஃப்களை (பல பங்குகளின் தொகுப்பு, ஒரே பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) எடுக்கலாம் சார்?

பதில்: எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் உள்ள பெரிய அமெரிக்க நிறுவனங்களை 11 துறைகளாகப் பிரித்திருக்கும் செலக்ட் செக்டர் எஸ்பிடிஆர் வரிசை போதும். தொழில்நுட்பத்துக்கு எக்ஸ்எல்கே, நிதிக்கு எக்ஸ்எல்எஃப், எரிசக்திக்கு எக்ஸ்எல்இ, அளவுகோலாக எஸ் அண்ட் பி 500 முழுவதையும் பின்தொடரும் எஸ்பிஒய். வெவ்வேறு நிறுவனங்களின் ஃபண்டுகளைக் கலக்க வேண்டாம். சிலவற்றில் சிறிய நிறுவனங்களும் இருக்கும், கணக்கு கெட்டுவிடும்.

கேள்வி: கணக்குப் போடும் முறை?

பதில்: தினசரி 'அட்ஜஸ்டட் குளோஸ்' விலையை, அதாவது டிவிடெண்ட் போன்றவற்றைச் சரிக்கட்டிய முடிவு விலையை, இறக்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே தொடக்க நாள். அந்த நாள் விலையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். பிறகு துறையின் எண்ணை எஸ்பிஒய் எண்ணால் வகுக்க வேண்டும். துறை 130, எஸ்பிஒய் 115 என்றால் விகிதம் 1.13. இந்த விகிதத்தைக் கோடாக வரைந்து பார்ப்பதுதான் உண்மையான ஒப்பீடு. விலை ஏறிக்கொண்டிருக்கும்போதே கோடு இறங்கினால், அந்தத் துறை சந்தையிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது.

தொடக்க நாளை மாற்றினாலே முடிவு புரளும். கொரோனா சரிவுக்கு முந்தைய 2020 பிப்ரவரி உச்சத்திலிருந்து எண்ணுவதும், சரிவின் மார்ச் 23 அடியிலிருந்து எண்ணுவதும் வேறு வேறு கதை சொல்லும். அதனால் 3, 6, 12 மாதம் மூன்றையும் பாருங்கள்.

கேள்வி: வெறும் விலை போதாதா? டிவிடெண்ட் சொற்பம்தானே?

பதில்: மின்சாரம், எரிவாயு வழங்கும் நிறுவனங்களின் எக்ஸ்எல்யூவுக்கு அது சொற்பமில்லை, வருமானத்தில் பெரிய பங்கே அதுதான். இன்னொரு பொறி: 2016 செப்டம்பரில் ரியல் எஸ்டேட் தனித் துறையானபோது, எக்ஸ்எல்எஃப் தன் முதலீட்டாளர்களுக்கு ரியல் எஸ்டேட் ஃபண்டான எக்ஸ்எல்ஆர்இயின் யூனிட்களைப் பிரித்துக் கொடுத்தது. சரிக்கட்டாத விலையில் அது பெரிய சரிவாகத் தெரியும். யாரும் பணம் இழக்கவில்லை.

கேள்வி: 20 ஆண்டுகளுக்கு ஒப்பிடலாமா?

பதில்: 1998 டிசம்பரில் வந்த 9 ஃபண்டுகளுக்கு முடியும். எக்ஸ்எல்ஆர்இ 2015-இல், தகவல் தொடர்புத் துறையின் எக்ஸ்எல்சி 2018-இல்தான் வந்தன. பெயர் மாறாமல் உள்ளடக்கம் மாறியதும் உண்டு. 2018 வரை எக்ஸ்எல்கேயில் கூகுள், ஃபேஸ்புக், ஏடி அண்ட் டி எல்லாம் இருந்தன. 2023 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் தொழில்நுட்பத்திலிருந்து நிதித் துறைக்குப் போயின. பழைய எக்ஸ்எல்கேயும் இன்றைய எக்ஸ்எல்கேயும் ஒரே பண்டம் அல்ல.

கேள்வி: அத்தியாவசியமல்லாத நுகர்வுக்கான எக்ஸ்எல்ஒய் ஏறினால் அந்த நுகர்வுத் துறை முழுதும் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. பெரிய நிறுவனத்துக்குப் பெரிய பங்கு என்று சந்தை மதிப்புக்கேற்ற எடை தருவதால் அமேசானும் டெஸ்லாவும் மட்டுமே அதை இழுத்துச் சென்றுவிடும். எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே அளவு தரும், அதே துறையின் சம எடை இடிஎஃப்பை பக்கத்தில் வையுங்கள். எக்ஸ்எல்ஒய் ஏறி, சம எடை ஃபண்ட் படுத்திருந்தால் ஓடுவது ஓரிரு பங்குகள்தான்.

கேள்வி: 3 மடங்கு இடிஎஃப்பில் ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியுமே?

பதில்: தப்பாகத் தெரியும். அவை தினசரி நகர்வைத்தான் 3 மடங்காக்கும். துறை ஒரு நாள் 10% ஏறி மறுநாள் 10% இறங்கினால் 100 ரூபாய் 99 ஆகும். 3 மடங்கு ஃபண்டில் 130 ஆகி, அதில் 30% போய் 91-இல் நிற்கும். 1% நட்டத்துக்கு 3% அல்ல, 9%.