சட்டகத்துக்கு வெளியே நெல் மூட்டை

அன்புள்ள சார்,

தாது வருஷப் பஞ்சத்துப் (1876–78) படம் ஒன்று வாட்ஸாப்பில் வந்தது. தோல் போர்த்திய எலும்பாக ஒரு கூட்டம். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. படம் எடுத்தவர் அவர்களுக்கு ஒரு வாய் கஞ்சியாவது ஊற்றியிருப்பாரா? இதையெல்லாம் நாம் பார்ப்பதே பாவமில்லையா?

ஒரு வாசகர், தருமபுரி

அன்புள்ள நண்பருக்கு,

எடுத்தவர் ஹூப்பர், சென்னைக் குதிரைப்படை அதிகாரி. கஞ்சி ஊற்றியிருந்தாலும் என் சங்கடம் தீராது. படத்தை மறுபடி பாருங்கள். (ஆம், பார்க்கத்தான் சொல்கிறேன்.) சிலர் உட்கார்ந்து, சிலர் நின்று, கல்யாண வீட்டு குரூப் போட்டோ போல ஒழுங்காக இருக்கிறார்கள். அக்காலக் கேமராவுக்கு ஆள் அசையக் கூடாது. உட்காரவே தெம்பில்லாதவர்களை யாரோ வரிசைப்படுத்தி, ஆடாமல் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்னால் தாங்க முடியாதது அதுதான்.

இன்னொன்று. படத்தில் பசி தெரிகிறது, பசியை வளர்த்தவர்கள் தெரியவில்லை. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க தர்பார் நடந்தது. பஞ்சத்தின் நடுவிலும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு பஞ்சத்துக்கென ஆங்கிலேய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்துவைத்த கூலி, நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும். மூட்டையும் கப்பலும் சட்டகத்துக்குள் வராததால், வானம் பொய்த்ததே முழுக் காரணம் என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிடுகிறது.

போபால் விஷவாயுக் கசிவின்போது 1984-இல் ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் எடுத்த, மண்ணுக்குள் போகும் குழந்தையின் முகம் அப்படியல்ல. அது யார் பெற்ற பிள்ளை என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அதைப் பார்க்கும் எவருக்கும் யூனியன் கார்பைடு நினைவுக்கு வரும். அதைப் படத்தின் திறமை என்று மட்டும் சொல்லமாட்டேன். நீதி கேட்டவர்கள் அந்த முகத்தை விடாமல் தூக்கிச் சுமந்தார்கள்.

ஆகவே பார்ப்பது பாவமென்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கு அனுப்பியவர் படத்துக்குக் கீழே ஒரு வரியாவது எழுதியிருந்தாரா? இல்லையென்றால் அவரிடம் கொஞ்சம் கோபித்துக்கொள்ளுங்கள்.

ஹூப்பரைப் பற்றிக் கேட்டீர்கள். 1886-இல் அவர் பர்மாவின் மாண்டலேயில் இருந்தார். கைதிகளைச் சுட்டுக் கொல்லும்போது, குண்டு பாயும் நொடியைப் பிடிக்கக் கேமராவோடு நின்றார் என்று லண்டன் வரை கூச்சல் எழுந்து, விசாரணை நடந்தது. அங்கேயும் எதிரே நின்றவர்கள் அசைய முடியாதவர்கள்தான்.